நூற்றைம்பது கிராம்

நவம்பர் ஒன்பதாம் தேதி மதியம் ஒன்று இருபதுக்கு என் தம்பி அமான் பாதிச் சாப்பாட்டில் எழுந்தான். கப்பலிலிருந்து அழைப்பு. வங்கக் கடலில் காற்றழுத்தம் வலுத்துவிட்டது, காசிமேட்டுப் படகுகள் சில இன்னும் கரை சேரவில்லை, மூன்று மணிக்குள் எல்லாரும் கப்பலில் இருக்க வேண்டும். கையைக் கழுவிய ஈரத்தோடு சட்டையை மாட்டினான்.

“மீதி எவ்ளோ வெச்சேன்னு நோட்ல எழுதிடுக்கா. தப்பக் கூடாது.”

“நீ மொதல்ல ஜாக்கிரதையா போடா.”

“கடலு ஆடுறதுக்கு நான் பயப்படல. முப்பதாம் தேதி எடை பாக்குறாங்க. அதை நெனைச்சாத்தான் பேஜாரா கீது.”

அந்த முப்பதாம் தேதியைச் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியில் நான் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருந்தேன். அன்று அமான் பிழைத்தால் கப்பலில் இருப்பான். இல்லையென்றால் கரையில் இறக்கிவிடுவார்கள். எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கும் அவனுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். நான் எட்டாவதோடு நின்றேன். அவனைப் பன்னிரண்டு வரை படிக்க வைத்தோம். எங்கள் வாப்பா கல்யாண வீடுகளுக்கு பிரியாணி போடும் பண்டாரி. ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் அவர் தம் போட்ட தேக்சா அண்டாக்களை அடுக்கினால் ஒரு தெருவே நிறையும். அவரிடமிருந்து அமானுக்குக் கைப்பக்குவம் வந்தது. எனக்கு வந்தது அளவு. வண்ணாரப்பேட்டை மொத்தக் கடை ஒன்றுக்கு மசாலாத் தூள் பொட்டலம் போடுகிறேன். ஐம்பது கிராம் என்றால் ஐம்பது கிராம். பதினாறு வருடத்தில் என் பொட்டலம் ஒன்றுகூடக் குறைவென்று திரும்பி வந்ததில்லை.

அமான் கடலோரக் காவல் படையில் சமையல்காரனாகச் சேர்ந்தபோது அவனுக்கு இருபது வயது. பயிற்சி முடிந்து வெள்ளை உடுப்பில் வந்து வாசலில் நின்றான். எங்கள் குடும்பத்தில் யாரும் அரசாங்க உடுப்புப் போட்டதில்லை. என் கணவர் உசேன் எண்ணூர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். எதையும் கிண்டல் செய்யாமல் விடமாட்டார். அவரே அன்று முதலில் அவன் தொப்பியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகுதான், “மாப்ளே, கடலுக்குப் போயும் கரண்டிதானா?” என்றார்.

“துப்பாக்கி புடிக்கிறவனும் மொதல்ல எங்கிட்டதான் தட்டைத் தூக்கிகினு வரணும் மச்சான்,” என்றான் அமான்.

பதினான்கு வருடம் அப்படித்தான் போனது. ஐம்பத்தெட்டு பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடும் மாலைத் தேநீரும் செய்கிற கப்பலின் தலைமைச் சமையல்காரன் ஆனான். ஆடுகிற தரையில், கட்டிப்போட்ட அடுப்பில், பஞ்சாபிக்குப் பராத்தாவும் வங்காளிக்கு மீனும் நம் ஊர்க்காரர்களுக்கு ரசமும் செய்தான். மழை நாளில் பஜ்ஜி, வெள்ளிக்கிழமை அல்வா. அவன் சமையலுக்காகவே வேறு கப்பலுக்கு மாற்றல் கேட்காமல் இருந்தவர்கள் உண்டு.

கப்பலில் இருப்பவர்கள் எப்போதும் ஓடியாடுவார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பாதிப் பேருக்கு உட்கார்ந்து திரையைப் பார்க்கும் வேலை என்று அமான் சொன்னான். நடக்க இடமில்லை. காவல் முறை மாறி மாறி வருவதால் தூக்கம் கெட்டு, பசி இல்லாமலும் சாப்பிடுவார்கள். போன ஜூலையில் மருத்துவப் பரிசோதனை நடந்தது. பதினோரு பேர் அவரவர் உயரத்துக்குச் சொன்ன எடையைத் தாண்டியிருந்தார்கள். அந்தப் பதினோரு பேரில் அமானும் ஒருவன். எழுபத்துநான்கு கிலோவுக்குள் இருக்க வேண்டியவன் எழுபத்தெட்டே கால் இருந்தான். அவர்களைத் தவிர, அவனோடு பத்து வருடம் வேலை பார்த்த பெரியவர் ஒருவருக்குச் சர்க்கரை முற்றியிருந்தது. அவரைக் கப்பலிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்தவன் சாப்பிடவில்லை.

“எறங்குறப்போ என் கையைப் புடிச்சிகினாருக்கா. உன் அல்வாவை மறக்க மாட்டேன்னு சொல்றாரு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவருக்கு ரெண்டு தடவை வெச்சது நான்தானே. மூஞ்சிய எங்க வெச்சிக்கிறதுன்னே தெரியல.”

யாரும் அவனைக் குறை சொல்லவில்லை. அவனே கேப்டனிடம் போய், சாப்பாட்டை மாற்ற அனுமதி கேட்டான். கேப்டன் அவனைக் கரையில் நடந்த மூன்று நாள் சத்துணவு வகுப்புக்கு அனுப்பினார். அங்கே ஓர் அம்மா ஒரு பட்டியல் கொடுத்தார். சோறு நூற்றைம்பது கிராம், பருப்பு எண்பது, சுண்டல் அறுபது, காய் இருநூறு என்று வேளைவாரியாக எழுதியிருந்தது. கேப்டன் சொன்ன நிபந்தனை இதுதான்: செப்டம்பர் ஒன்றிலிருந்து மூன்று மாதம் இந்தப் பட்டியல்படி சமைக்கலாம். மாதக் கடைசியில் எடை பார்ப்போம். நவம்பர் முப்பதில் குறைவு தெரியவில்லை என்றால் பழைய சாப்பாடே திரும்பும். முந்தின வருடமும் தாண்டியிருந்ததால், அமானின் எடை விஷயம் மட்டும் மருத்துவர் கையில் இருந்தது. அன்றும் அவன் கூடுதலாக இருந்தால் கரைக்குத்தான் போக வேண்டும்.

அந்தப் பட்டியலைத் தமிழில் எழுதி எனக்கும் ஒன்று கொடுத்தான். கப்பல் துறைமுகத்தில் இருக்கும் நாட்களில் அவன் சாப்பிடுவது எங்கள் வீட்டில்தான். நான் அவனுக்கென்று ஒரு சின்னப் பானை வைத்தேன். மசாலா நிறுக்கும் தராசைத் துடைத்து, நூற்றைம்பது கிராம் அரிசியை நிறுத்து, தனியாக வடித்தேன். எண்பது கிராம் பருப்பு. அறுபது கிராம் கொண்டைக்கடலை. ஒரு மணி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவன் சாப்பிட்டதைத் தினமும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். கப்பலிலும் அவன் அப்படித்தான் செய்தான். அங்கே சரக்கறையிலிருந்து ஆளுக்கு இவ்வளவு என்று பச்சையாக நிறுத்துத்தான் அடுப்புக்குக் கொடுப்பார்கள். ஆளுக்கு நூற்றைம்பது என்றால் ஐம்பத்தெட்டு பேருக்கு எட்டு கிலோ எழுநூறு. எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை.

அவன் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் பெருமையாக இருக்கிறது. பஜ்ஜியை நிறுத்தி மாலையில் சுண்டல் வைத்தான். முதல் நாள் யாரும் தொடவில்லை. “மாட்டுக்குத்தான் கடலை வெப்பாங்க” என்றான் என்ஜின் அறையில் வேலை பார்க்கும் அஜின். நாகர்கோவில்காரன், அமானின் தோஸ்து, அவனும் அந்தப் பதினோரு பேரில் ஒருவன். அமான் அடுத்த நாள் அதே சுண்டலில் மாங்காயும் இஞ்சியும் போட்டான். பராத்தாவில் கீரையை அரைத்துப் பிசைந்தான். மீனைப் பொரிக்காமல் வாழையிலையில் சுட்டான். ஒவ்வொரு மேசையாகப் போய், எது எதற்கு நல்லது என்று சொன்னான். “நீ மொதல்ல எளைச்சிட்டு வந்து சொல்லு” என்று சிரிப்பார்களாம். இவனும் சிரித்துவிட்டு அங்கேயே நிற்பானாம்.

நான்கு வாரத்தில் அவர்கள் அவன் பேச்சைக் கேட்கத் தொடங்கினார்கள். போதும் என்று யாராவது தட்டை நகர்த்தினால், “இது மருந்து மாதிரி. பட்டியல்ல இருக்கிறதை முழுசா சாப்பிட்டாத்தான் வேலை செய்யும்” என்பான். அவனுக்காக முழுவதையும் சாப்பிட்டார்கள். இங்கே நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, போதும்கா. வெடிச்சிடுவேன்.”

“இன்னும் கொஞ்சம்தான்டா. பட்டியல்ல இருக்கில்ல?”

“எளைக்கிறதுக்கு இவ்ளோ துன்றவனை இப்பத்தான் பாக்குறேன்,” என்றார் உசேன். நாங்கள் அவரைக் கண்டுகொள்ளவில்லை.

செப்டம்பர் முப்பதில் எடை பார்த்தார்கள். ஒருவருக்கும் குறையவில்லை. உடம்பு பழகக் கொஞ்ச நாள் ஆகும் என்று கேப்டன் பொறுத்தார். அக்டோபர் கடைசியில் பதினோரு பேரில் ஆறு பேருக்கு ஏறியிருந்தது. அமான் எழுபத்தொன்பதரை. கேப்டன் ஒன்றும் சொல்லாமல் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டாராம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றான் அமான்.

அதை நம்ப முடியாமல் கல்மண்டபம் பக்கத்தில் இருக்கும் மதார் சாகிப்பின் பழைய இரும்புக் கடைக்கு அவனை அழைத்துப் போனேன். அங்கே ஆள் ஏறி நிற்கிற மாதிரித் தராசு இருக்கிறது. அதே எழுபத்தொன்பதரை காட்டியது.

“தம்பி, இரும்பா இருந்தா நல்ல வெலைக்கு எடுத்துக்குவேன்,” என்றார் மதார் சாகிப்.

“எங்க பாய், இன்னும் ஒரு மாசத்துல என்னை எடைக்குத்தான் போடப் போறாங்க,” என்றான் அமான். சிரித்துக்கொண்டே சொன்னான்.

என்ன தவறு என்று எங்களுக்குப் புரியவில்லை. எண்ணெய் குறைந்திருந்தது. சர்க்கரை பாதியாகியிருந்தது. நான் என் தராசைப் படிக்கல் வைத்து இரண்டு தடவை சரிபார்த்தேன். ஒரு வேளை அவன் எனக்குத் தெரியாமல் வெளியில் தின்கிறானோ என்றுகூட ஒரு நாள் சந்தேகப்பட்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது ஒன்பதாம் தேதிக்கு வருகிறேன். அமான் போன பிறகு தட்டைப் பார்த்தேன். பருப்பையும் காயையும் முடித்திருந்தான். சோற்றில் பாதி மிச்சம். அவன் மிச்சம் வைத்தது இதுதான் முதல் தடவை. எவ்வளவு என்று நோட்டில் எழுத வேண்டுமே. தராசு பக்கத்திலேயே இருந்தது. தட்டைத் தூக்கி வைத்தேன். நானூற்று முப்பது. அரிசியையும் அதில் வைத்தே நிறுப்பதால் தட்டின் எடை இருநூற்றுப் பத்து என்பது எனக்கு மனப்பாடம். மிச்சச் சோறு இருநூற்று இருபது கிராம்.

நோட்டில் எழுதப் போன கை நின்றது. நான் அவனுக்கு நிறுத்துப் போட்டதே நூற்றைம்பதுதான். அதில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு அவன் எப்படி இருநூற்று இருபதை மிச்சம் வைப்பான்?

தராசில் கோளாறு என்று நினைத்தேன். ஐம்பது கிராம் கல்லை வைத்தேன், ஐம்பது. இருநூறை வைத்தேன், இருநூறு. பிறகு பட்டியலை எடுத்து முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தேன். காலை உணவு என்ற இடத்தில், இட்லி மூன்று, நூற்றிருபது கிராம் என்று இருந்தது. இட்லியை நாங்கள் எண்ணித்தான் போட்டோம். நிறுத்துப் பார்த்ததே இல்லை. காலையில் செய்ததில் இரண்டு மிச்சம் இருந்தது. ஒன்றை வைத்தேன். நாற்பது. இன்னொன்றையும் வைத்தேன். எண்பது.

இட்லியை யாரும் மாவாக நிறுத்துச் சாப்பிடுவதில்லை. அந்த அம்மா வெந்த இட்லியைத்தான் நிறுத்திருக்கிறார். அப்படியானால் சோறும் வெந்த சோறு. பருப்பும் வெந்த பருப்பு. சுண்டலும் வெந்த சுண்டல். என் வேலையில் எடை என்றால் காய்ந்த சரக்கின் எடை. அவன் கப்பலில் எடை என்றால் சரக்கறை வாசலில் நிறுக்கும் எடை. அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு எதையும் நிறுத்துப் பார்க்க எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. இரண்டு மாதத்துக்கு மேலாக ஐம்பத்தெட்டு பேருக்குக் கிட்டத்தட்ட மூன்று பங்கு சாப்பாட்டை மருந்து என்று சொல்லித் தின்ன வைத்திருக்கிறான் என் தம்பி.

உடனே அவனுக்குப் போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மணி இரண்டே முக்கால்.

கப்பல் பதிமூன்றாம் தேதி திரும்ப வேண்டும். பதிமூன்று வந்தது, கப்பல் வரவில்லை. மழை விடவில்லை. பதினான்கு, பதினைந்து. நான் ஒவ்வொரு நாளும் நாட்காட்டியில் மிச்ச நாட்களை எண்ணினேன். அஜினின் மனைவி பெனிஷா டோல்கேட் பக்கம் குடியிருக்கிறாள். அவளிடம் தினமும் கேட்டேன்.

“ஒரு வெவரமும் இல்லக்கா. படகெல்லாம் தேடிட்டு இருக்காங்களாம். ஆளுவளுக்கு ஒண்ணும் இல்லேன்னு மட்டும் ஆபீஸ்ல சொன்னாவ.”

அவளிடம் மட்டும் சோற்று விஷயத்தைச் சொன்னேன்.

“எக்கா, ஆபீஸ்ல சொன்னா கப்பலுக்குத் தகவல் அனுப்புவாவல்லா? நாளைக்கே கொறைச்சிரலாமே.”

இரண்டு நாள் அதைப் பற்றியே நினைத்தேன். குடையை எடுத்துக்கொண்டு துறைமுக வாசல் வரை ஒரு தடவை போகவும் செய்தேன். வாசலில் நின்ற காவலர் என்ன வேண்டும் என்று கேட்டார். சோறு அதிகம் போடுகிறார்கள் என்று நான் எப்படிச் சொல்வது? சொன்னால் அது அமானின் தவறு என்று அவனுக்குத் தெரியும் முன்பே ஊருக்குத் தெரியும். சொல்லாவிட்டால் ஒவ்வொரு நாளும் அவனுக்கு இருக்கும் நாட்களில் ஒன்று போகிறது. “ஒண்ணுமில்ல சார், தம்பி கப்பல் எப்ப வரும்னு கேக்க வந்தேன்” என்று சொல்லித் திரும்பிவிட்டேன். செய்தது சரியா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

இருபதாம் தேதி மாலை கப்பல் வந்தது. படகுகளையெல்லாம் கண்டுபிடித்துவிட்டார்கள். அமான் கண் சிவந்து, தாடி வளர்ந்து வந்து நின்றான். குளித்துவிட்டு வரட்டும் என்று காத்திருந்தேன். பிறகு வெறும் தட்டையும், நூற்றைம்பது கிராம் அரிசியை வடித்த சோற்றையும், தராசையும் அவன் முன்னால் வைத்தேன். அவனே சோற்றைத் தட்டில் கொட்டித் தராசில் வைத்தான். தட்டைக் கழித்தால் நானூற்று இருபத்தைந்து.

இட்லி வரியைக் காட்டினேன். அவன் முகம் போன போக்கை எழுத எனக்கு வரவில்லை.

“வகுப்புல மொதல் நாள் மொதல் மணி நேரத்துல இதைச் சொல்லியிருப்பாங்கக்கா,” என்றான் கடைசியில்.

“நீ எங்கடா போன?”

“கேன்டீன் ஆளு வரல. முப்பது பேரு டீ இல்லாம உக்காந்துகினு இருந்தாங்க. நான் போய் டீ போட்டுகினு இருந்தேன்.”

உசேன் சிரித்துவிட்டார். பிறகு அவனைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “சரி விடு மாப்ளே. யாருக்கும் இன்னும் தெரியாது. நாளையிலேருந்து மூணுல ஒரு பங்கா கொறைச்சிடு. பத்து நாள் கீது. கொஞ்சமாவது எறங்கும். நீ ஏன் வாயைத் தொறக்கணும்?”

எனக்கும் அதுவே நல்லதாகப் பட்டது. மறைக்காமல் சொல்கிறேன், நானும் அதைத்தான் சொன்னேன். “இன்னாடா யோசிக்கிற? மச்சான் சொல்றது சரிதானே?”

அமான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். “வயிறு நெறைஞ்சிடுச்சி போதும்னு அஜின் கையெடுத்துக் கும்புட்டான்கா. மேல நின்னு துன்ன வெச்சேன். நாளைக்கு திடீர்னு கால் வயித்துக்குப் போட்டா, ஏன்டான்னு கேப்பான். இன்னா சொல்லுவேன்? இன்னொரு தடவை பொய் சொன்னா எவனும் என் பேச்சைக் கேக்க மாட்டான்.”

“கேப்டன் உன்னை எறக்கிட்டார்னா?”

“எறக்கட்டும்.” அதைச் சொல்லும்போது அவன் குரல் சரியாக வரவில்லை.

மறுநாள் காலை என் தராசைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போனான். அன்று முழுவதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தராசு இல்லாமல் பொட்டலமும் போட முடியாது. மல்லித்தூள் மூட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மாலை ஆறரைக்கு வந்தான். நடந்ததைக் கொஞ்சம் அவன் சொன்னான். அவன் விட்டதை அஜின் சொன்னதாகப் பெனிஷா பிறகு சொன்னாள்.

அமான் நேராகக் கேப்டனிடம் போய்த் தவறைச் சொல்லியிருக்கிறான். கேப்டன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னிலையிலும் ஒரு தட்டை நிறுக்கச் சொன்னார். அமான் நிறுத்துக் காட்டினான். “தப்பு என்னுது. போதும்னு சொன்னவங்கதான் சரி” என்று இந்தியிலும் தமிழிலும் சொன்னான். பின்னாலிருந்து அஜின், “நான் அப்பவே சொன்னேன்லா, அது மாட்டுக்கு வைக்கிற அளவுன்னு!” என்று கத்தினானாம். கப்பலே சிரித்ததாம். அமான் மட்டும் சிரிக்கவில்லை. கேப்டன் அந்தத் தட்டிலிருந்து மூன்றில் இரண்டு பங்கை அவரே எடுத்துப் பானையில் போட்டுவிட்டு, மிச்சத்தை உட்கார்ந்து சாப்பிட்டாராம். சாப்பிட்டு முடித்து, “பட்டியலுக்கு ஜனவரி கடைசி வரைக்கும் நேரம் தருகிறேன். உன் எடைக்கு நான் நேரம் தர முடியாது” என்றார்.

மீதி ஒன்பது நாளும் அமான் பட்டியலில் உள்ளபடி மட்டுமே சாப்பிட்டான். காலையில் துறைமுகத்துக்கு நடந்தே போனான். முப்பதாம் தேதி எழுபத்தெட்டு. ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. நான்கு கிலோ கூடுதலாகவே இருந்தது. ஆறு மாதத்துக்குக் கரையில் இருக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதினார். அதன் பிறகு ஒரு மறுபரிசோதனை. அதிலும் தாண்டினால் கப்பல் கிடையாது.

டிசம்பர் முதல் வாரம் கப்பல் அவன் இல்லாமல் கிளம்பியது. அதற்கு முந்தின நாள் உதவிச் சமையல்காரனுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தான். பட்டியலின் தலையில் ‘வெந்த பிறகு நிறுக்கவும்’ என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டினான். என் தராசையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தான். எனக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தான். அதைப் படிக்கல் வைத்துச் சரிபார்த்த பிறகே ஏற்றுக்கொண்டேன்.

கரையில் அவனுக்குக் கிடைத்ததும் சமையலறைதான். ஆனால் தரை ஆடவில்லை, அதனால் தூக்கம் வரவில்லை என்றான். ஜனவரி கடைசியில் ஒரு நாள் அஜின் போன் செய்தான். மீதிப் பத்துப் பேரில் ஏழு பேர் அளவுக்குள் வந்துவிட்டார்கள். அஜினும் வந்துவிட்டான். பட்டியல் கப்பலிலேயே நிலைத்தது. அமான் அன்று போனை வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் வெகுநேரம் துறைமுகப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். நான் கூப்பிடவில்லை.

நோன்பு மாதம் வந்தது. பள்ளிவாசல் கஞ்சியைக்கூடக் கிண்ணத்தோடு நிறுத்துக் கொடுத்தேன். சமோசா தட்டு அவனைத் தாண்டிப் போகும்போது உசேன் வேண்டுமென்றே மெதுவாக நகர்த்துவார். பெருநாளன்று மட்டும் அவன் கேட்காமலே ஒரு துண்டு கறி கூடுதலாக வைத்தேன். அவன் அதை எடுத்து என் தட்டில் போட்டான். அவன் பிறந்ததிலிருந்து அவனுக்கு எடுத்து வைத்தவள் நான்.

ஜூன் முதல் வியாழன் மறுபரிசோதனை. செவ்வாய்க்கிழமை மதார் சாகிப் கடைத் தராசில் எழுபத்துநான்கு முந்நூறு காட்டியது. முந்நூறு கிராம் அதிகம். “செருப்பைக் கழட்டிட்டு ஏறு தம்பி” என்றார் அவர். கழற்றினான். எழுபத்துநான்கு. அதற்குமேல் கழற்ற ஒன்றுமில்லை. புதன்கிழமை இரண்டு வேளை நடந்தான். நான் உப்பைக் குறைத்தேன். உசேன்கூட அன்று கிண்டல் செய்யவில்லை.

வியாழன் காலை வெறும் வயிற்றோடு போனான். நான் இட்லி அவித்து மூடி வைத்தேன். எட்டு மணி ஆனது. ஒன்பது. பொட்டலம் போட உட்கார்ந்தேன். ஐம்பது கிராம் நிற்கவே இல்லை, ஐம்பத்திரண்டு, நாற்பத்தேழு என்று ஓடியது. பதினாறு வருடத்தில் முதல் தடவையாகத் தராசை அணைத்து வைத்தேன். பத்தே காலுக்குப் போன் அடித்தது.

“எவ்ளோடா?”

“எழுபத்து மூணு எழுநூறு.”

பின்னால் யாரோ கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

“கப்பலு?”

“அதே கப்பல்தான். திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க.” மூச்சை இழுத்து விட்டான். “வூட்டுக்கு வந்துகினே கீறேன்கா. பசி உயிர் போவுது. இட்லி கீதா?”

“கீதுடா. எத்தனை வெக்கிறது?”

அவன் யோசித்தான். நான் மூடியைத் திறந்து, கையைப் பாத்திரத்தின் மேலேயே வைத்துக் காத்திருந்தேன்.

“மூணு,” என்றான்.